ரூட்டரை மாற்றிய பிறகு ஸ்மார்ட் ஸ்பீக்கர் ஏன் அடம்பிடிக்கிறது?

நீங்கள் கேட்டதை ஒரு முறை சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். வீட்டில் ரூட்டரை மாற்றி இரண்டு வாரம் ஆகிறது. ஃபோன், லேப்டாப், டிவி எல்லாம் ஒழுங்காக ஓடுகின்றன. ஸ்மார்ட் ஸ்பீக்கர் மட்டும் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, இணையத்தோடு இணைக்க முடியவில்லை என்கிறது. சில சமயம் தானாகத் திரும்பி வருகிறது, சில சமயம் வருவதில்லை. ஃபோனிலிருந்து பாட்டை ஸ்பீக்கருக்கு அனுப்பப் போனால் பட்டியலில் ஸ்பீக்கரின் பெயரே இல்லை. மூன்று முறை ஃபேக்டரி ரீசெட் செய்து பார்த்துவிட்டீர்கள். ரூட்டர் செட்டிங்கில் எதை மாற்றுவது என்பது கேள்வி.

முதலில், நான்காவது முறை ரீசெட் செய்யாதீர்கள். ரீசெட் என்பது ஸ்பீக்கரின் நினைவில் இருக்கும் வைஃபை பெயர், பாஸ்வேர்டு, கணக்கு விவரம் இவற்றைத் துடைக்கும். ரூட்டரில் ஒரு துரும்பைக்கூட அசைக்காது. பழைய ரூட்டரில் ஒழுங்காக இருந்த ஸ்பீக்கர் புது ரூட்டரில் தடுமாறினால், மாறியது எது என்று யோசித்தாலே போதும். ரீசெட்டால் காரியம் கெட்டுப்போவதும் உண்டு. ஃபோனிலிருந்து படத்தையும் பாட்டையும் டிவிக்கும் ஸ்பீக்கருக்கும் அனுப்ப உதவும் கூகுள் கருவிகளான இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்டும் குரோம்காஸ்ட் ஆடியோவும் 2025 மார்ச்சில் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் முடங்கின. கருவியின் பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்று காலாவதியானதுதான் காரணம். யார் வீட்டு வைஃபைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ரீசெட் செய்துவிடாதீர்கள் என்று கூகுளே சொல்ல வேண்டியதாயிற்று. அவசரப்பட்டு ரீசெட் அடித்தவர்கள், மற்றவர்களுக்குச் சரியான பிறகும் கருவியைத் திரும்ப அமைக்க முடியாமல் காத்திருந்தார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். ஸ்பீக்கர் "இணைப்பு இல்லை" என்று சொல்லும்போது மூன்று பாதைகளில் ஏதோ ஒன்று அறுந்திருக்கிறது. எது என்று மட்டும் அது சொல்லாது. ஸ்பீக்கரிலிருந்து ரூட்டர் வரை போகும் வைஃபை ஒரு பாதை. ரூட்டரிலிருந்து ஸ்பீக்கர் நிறுவனத்தின் சர்வர் வரை போகும் இணையம் இரண்டாவது. வீட்டுக்குள்ளேயே உங்கள் ஃபோனும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வது மூன்றாவது. நீங்கள் சொன்ன இரண்டு குறைகளும் ஒரே நோய் போலத் தெரிந்தாலும் இரண்டு தனி நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். பேசிக்கொண்டே இருந்து திடீரென்று இணைப்பு அறுந்துபோவது பெரும்பாலும் முதல் பாதையின் குறை. ஃபோனின் பட்டியலில் தெரியாமல் போவது மூன்றாம் பாதையின் குறை. ஒரே செட்டிங்கில் இரண்டும் தீர வேண்டும் என்று தேடுவதால்தான் பலர் வாரக்கணக்கில் ரூட்டர் மெனுவுக்குள் அலைகிறார்கள்.

எந்தப் பாதை என்பதை ரூட்டரிலேயே கண்டுபிடிக்கலாம். பிரௌசரில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று அடித்தால் பெரும்பாலான ரூட்டர்களின் உள்பக்கம் திறக்கும். இல்லையென்றால் ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முகவரி இருக்கும். உள்ளே போனதும் "கனெக்டட் டிவைசஸ்" என்றோ "டி.எச்.சி.பி. கிளையன்ட் லிஸ்ட்" என்றோ ஒரு பட்டியல் இருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் ஸ்பீக்கர் நன்றாக இருக்கும்போது பார்த்துப் பயனில்லை. அது "இணைப்பு இல்லை" என்று சொன்ன அந்த நிமிடமே போய்ப் பாருங்கள்.

பட்டியலில் ஸ்பீக்கர் இல்லையென்றால் வைஃபையே அறுந்துவிட்டது, முதல் பாதை. இருக்கிறது, ஐ.பி. முகவரியும் (நெட்வொர்க்கில் அதற்குக் கிடைக்கும் எண்) வாங்கியிருக்கிறது, ஆனாலும் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கிறது என்றால் இரண்டாவது. பட்டியலில் இருக்கிறது, கேட்டால் பதிலும் சொல்கிறது, ஃபோனுக்கு மட்டும் தெரியவில்லை என்றால் மூன்றாவது. ஒரு எச்சரிக்கை: சில ரூட்டர்கள் அறுந்துபோன கருவியின் பெயரையும் கொஞ்ச நேரம் பட்டியலில் வைத்திருக்கும். அதனால் பெயருக்குப் பக்கத்தில் சிக்னல் அளவு ஏதாவது ஓடுகிறதா என்று பாருங்கள். பெயரும் ஸ்பீக்கரின் பெயராக இருக்க வேண்டும் என்பதில்லை. உள்ளே இருக்கும் வைஃபை சில்லைச் செய்தவரின் பெயரிலோ, வெறும் "அன்னோன்" என்றோ இருக்கும். ஸ்பீக்கரின் ஆப்பில் அந்தக் கருவியின் விவரப் பக்கத்தில் மேக் முகவரி, அதாவது ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண், இருக்கும். அதை வைத்து ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு சோதனையும் பத்து நிமிட வேலைதான். ஒரு ஃபோனில் ஹாட்ஸ்பாட் போட்டு, வேறொரு ஃபோனில் ஸ்பீக்கரின் ஆப்பைத் திறந்து, ஸ்பீக்கரை அந்த ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள். ஐஃபோனாக இருந்தால் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் "மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி" என்பதை ஆன் செய்யுங்கள், அப்போதுதான் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வரும். அதில் ஒரு மணி நேரம் அறுபடாமல் ஓடினால் ஸ்பீக்கரில் குறையில்லை, ரூட்டரில்தான் கை வைக்க வேண்டும். அதிலும் தடுமாறினால் ரூட்டரைக் குடைவதை நிறுத்திவிட்டு, ஸ்பீக்கரின் அடாப்டரையும் அப்டேட்டையும் பாருங்கள். அடாப்டர் என்பதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஸ்பீக்கரோடு வந்த அடாப்டர் தொலைந்து, கையில் கிடைத்த குறைந்த திறன் அடாப்டரைச் செருகியிருந்தால் சத்தத்தைக் கூட்டும்போதெல்லாம் ஸ்பீக்கர் மயங்கி விழும். பார்க்கிறவருக்கு அது வைஃபை பிரச்சினை போலவே தெரியும். அதேபோல, அமேசானின் எக்கோ ஸ்பீக்கரில் சிவப்பு வளையம் எரிந்தால் யாரோ மைக்கை அணைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதற்காக ரூட்டரை ரீஸ்டார்ட் செய்தவர்களை எனக்குத் தெரியும்.

இனி முதல் பாதை. சிக்கல்களில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது. புது ரூட்டர் என்றால் முதல் சந்தேகம், வைஃபையின் இரண்டு பேண்டுக்கும், அதாவது அலைவரிசைக்கும், ஒரே பெயர் வைத்திருப்பது. பழைய ரூட்டர்களில் 2.4 ஜிகாஹெர்ட்ஸுக்கு ஒரு பெயரும் 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு ஒரு பெயருமாக இருந்தது. இப்போது வருபவை இரண்டையும் ஒரே பெயரில் கொடுத்துவிட்டு, எந்தக் கருவி எதில் இருக்க வேண்டும் என்பதைத் தாங்களே முடிவுசெய்கின்றன. இதற்கு "ஸ்மார்ட் கனெக்ட்" அல்லது "பேண்ட் ஸ்டியரிங்" என்று பெயர். ஃபோன்களுக்கு இது நல்லது. ஓர் அறையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஸ்பீக்கருக்கு இதனால் எந்த லாபமும் இல்லை. ரூட்டர் அதை 5-க்குத் தள்ளப் பார்க்கும். சுவருக்கு அப்பால் 5-இன் சிக்னல் மெலிந்திருப்பதால் ஸ்பீக்கர் 2.4-க்குத் திரும்பப் பார்க்கும், 2.4-இல் கதவைத் தட்டும்போது ரூட்டர் வேண்டுமென்றே கொஞ்ச நேரம் காது கேட்காதது போல இருக்கும். இந்த இழுபறியில் ஸ்பீக்கர் "இணைப்பு இல்லை" என்று சொல்லிவிடும். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகச் சரியாவதும் இதனால்தான். உங்கள் வர்ணனை இதோடு நன்றாகப் பொருந்துகிறது.

எனவே முதல் மாற்றம் இதுதான்: ஸ்மார்ட் கனெக்டை அணைத்துவிட்டு இரண்டு பேண்டுக்கும் வேறு வேறு பெயர் வையுங்கள். ஸ்பீக்கரை 2.4-இல் இணையுங்கள். வேகம் குறையுமே என்ற கவலை வேண்டாம். பேச்சுக்கும் பாட்டுக்கும் வேண்டியது நொடிக்குச் சில நூறு கிலோபிட் மட்டுமே, மிஞ்சிப்போனால் ஒன்றிரண்டு மெகாபிட். ஃபோன் 5-இல் இருக்கலாம். இரண்டு பேண்டும் ஒரே ரூட்டரின் ஒரே வீட்டு நெட்வொர்க்தான் என்பதால் ஃபோனும் ஸ்பீக்கரும் வெவ்வேறு பேண்டில் இருப்பது பொதுவாகத் தடையில்லை. முதல் முறை அமைக்கும்போது மட்டும் ஃபோனையும் 2.4-இல் வைத்துக்கொண்டால் தலைவலி குறையும்.

சில ரூட்டர்களில், குறிப்பாகப் பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபை தரும் மெஷ் வகைகளில், பெயரைப் பிரிக்கவே விடமாட்டார்கள். அப்படியானால் இதுபோன்ற சின்னக் கருவிகளுக்காக "ஐஓடி நெட்வொர்க்" என்று தனியாக ஒரு வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால், மெஷ்ஷில் 802.11ஆர் அல்லது "ஃபாஸ்ட் ரோமிங்" என்று இருப்பதை அணைத்துப் பாருங்கள். வீட்டுக்குள் நடந்துகொண்டே பேசும் ஃபோனுக்காக வந்த வசதி அது. பழைய கருவிகள் சில அதைப் புரிந்துகொள்ளாமல் நெட்வொர்க்கில் சேரவே மறுக்கும்.

அடுத்தது பாதுகாப்பு முறை. டபிள்யூ.பி.ஏ. 2 வந்தது 2004-இல், டபிள்யூ.பி.ஏ. 3 வந்தது 2018-இல். எக்கோ முதன்முதலில் வந்தது 2014, கூகுள் ஹோம் 2016. ஆண்டுகளைப் பார்த்தாலே விஷயம் புரியும்: பழைய ஸ்பீக்கர்கள் பலவற்றுக்கும் டபிள்யூ.பி.ஏ. 3 என்றால் என்னவென்றே தெரியாது. புது ரூட்டர் டபிள்யூ.பி.ஏ. 3 மட்டும் என்று இருந்தால் ஸ்பீக்கர் இணையவே இணையாது. பாஸ்வேர்டு தவறு என்று சொல்லும். சரியான பாஸ்வேர்டைப் பத்து முறை அடித்து வெறுத்துப்போனவர்கள் பெரும்பாலும் இந்தக் குழியில் விழுந்தவர்கள்தான். இரண்டும் கலந்த முறையில் இருந்தால் வழக்கமாக இணைந்துவிடும். ஆனால் கலப்பு முறையோடு "பி.எம்.எஃப்." என்று ஒரு செட்டிங் வரும். வைஃபையின் நிர்வாகச் செய்திகளைப் போலிகளிடமிருந்து காக்கும் ஏற்பாடு அது. அது "கட்டாயம்" என்று இருந்தால் பழைய ஸ்பீக்கர் வெளியே நிற்கும். "விருப்பம்" என்று இருந்தாலும் சிலவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. 2.4-க்கு மட்டும் டபிள்யூ.பி.ஏ. 2, குறியாக்க முறை ஏ.இ.எஸ். என்று வைத்துப் பாருங்கள். 5-ஐ அப்படியே விட்டுவிடலாம். பட்டியலில் ஏ.இ.எஸ். பக்கத்தில் டி.கே.ஐ.பி. என்று இன்னொன்று இருக்கும். அதைத் தொட வேண்டாம். அது பலவீனமான பழைய முறை, அதைத் தேர்ந்தெடுத்தால் வைஃபை வேகமும் 54 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும்.

அப்புறம் சேனல். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் சேனல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன, ஆனால் ஒரு வைஃபை 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை எடுத்துக்கொள்கிறது. அதனால் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கக்கூடியவை 1, 6, 11 மட்டும்தான். ரூட்டரை "ஆட்டோ"வில் விட்டால் அது திடீரென்று சேனலை மாற்றும். ஃபோன் அதைக் கண்டுகொள்ளாமல் பின்தொடரும். ஸ்பீக்கர் சில நேரம் பழைய சேனலிலேயே நின்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும். ஆட்டோவில் 12 அல்லது 13-ஐ ரூட்டர் பிடித்துவிட்டால் இன்னும் மோசம், அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த கருவிகளுக்கு அந்தச் சேனல்கள் பொதுவாகக் கண்ணிலேயே படாது. ஃபோனில் ஒரு வைஃபை அனலைசர் ஆப் போட்டு, 1, 6, 11 மூன்றில் கூட்டம் குறைவானதைப் பார்த்து அதில் பூட்டிவிடுங்கள். அகலத்தை 20 என்று வையுங்கள். 40 என்று வைத்தால் வேகம் கூடும் என்பது காகிதக் கணக்கு. அக்கம்பக்கத்தில் பத்து வைஃபை இருக்கும் இடத்தில் அது சண்டையைத்தான் கூட்டும்.

ஸ்பீக்கரை 5-இல்தான் வைப்பேன் என்றால் சேனலை 36-இலிருந்து 48-க்குள் வையுங்கள். 52 முதல் 144 வரையுள்ள சேனல்கள் ரேடாரோடு பங்குபோட்டுக்கொள்பவை. ரேடார் அலை கேட்டதாக ரூட்டருக்குத் தோன்றினால் உடனே அந்தச் சேனலைக் காலிசெய்ய வேண்டும் என்பது விதி. அந்த வகையில் இன்னொரு சேனலுக்குப் போக வேண்டுமானால் குறைந்தது ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டு, ரேடார் இல்லை என்று உறுதிசெய்த பிறகுதான் பேச ஆரம்பிக்கலாம். அதுவரை ஸ்பீக்கருக்குத் திண்டாட்டம்.

சிக்னல் அளவையும் ஒரு பார்வை பாருங்கள். ரூட்டரின் பட்டியலில் மைனஸ் 55, மைனஸ் 72 என்று ஏதாவது எண் இருக்கும். அலகு டி.பி.எம். மைனஸுக்குப் பின்னால் இருக்கும் எண் சிறிதாக இருந்தால் நல்லது. மைனஸ் 67 வரை கவலை இல்லை, மைனஸ் 75-ஐத் தாண்டினால் எந்தச் செட்டிங்கும் காப்பாற்றாது. இதில் 10 கூடினால் சிக்னல் பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது என்பதை நினைவில் வையுங்கள். 65-க்கும் 75-க்கும் இடையே பார்வைக்குத் தெரிவதைவிட வித்தியாசம் அதிகம்.

நான் ஒரு முறை இரண்டு மணி நேரம் ரூட்டர் மெனுவைப் புரட்டிவிட்டு, கடைசியில் டிவிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த ஸ்பீக்கரை அரை மீட்டர் தள்ளி வைத்ததும் சரியாகிப்போனது. டிவியின் பின்பக்கம் உலோகத் தகடு. அன்றிலிருந்து செட்டிங்கைத் தொடுவதற்கு முன்பே ஸ்பீக்கரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுவிடுகிறேன். மைக்ரோவேவ் அடுப்பும் இதே 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம்தான் வேலை செய்கிறது. அது ஓடும்போது மட்டும் ஸ்பீக்கர் திக்கினால் காரணம் தேட வேண்டியதில்லை. ரூட்டரின் பின்னால் யூ.எஸ்.பி. 3 ஹார்டு டிஸ்க் செருகியிருந்தால் அதையும் கழற்றிப் பாருங்கள். அந்தக் கேபிள் கசியவிடும் இரைச்சல் 2.4-இல் விழும்.

வைஃபை பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை, நம்மில் சிலர் ஆசையாகத் தமிழில் வைப்பதால். பெயருக்கு இருக்கும் இடம் 32 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பும் காலும் தனிக் குறியீடுகளாகவே எண்ணப்படும். "தமிழ்" என்ற மூன்றெழுத்துக்கே 15 பைட் போய்விடுகிறது. ஃபோனில் அழகாகத் தெரியும் பெயர் சில கருவிகளில் குப்பையாகத் தெரியும், சிலவற்றில் இணையாமலே போகும். வீட்டில் சின்னக் கருவிகள் நிறைய இருந்தால் பெயரையும் பாஸ்வேர்டையும் ஆங்கில எழுத்து, எண்களோடு நிறுத்திக்கொள்வது நிம்மதி. பெயரை மறைத்து வைக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். அதனால் பாதுகாப்பு ஒன்றும் கூடுவதில்லை, அமைக்கும்போது ஸ்பீக்கருக்குத்தான் தொல்லை.

இவ்வளவும் செய்து, இன்னும் அறுகிறது என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். எப்போது அறுகிறது என்று இரண்டு நாள் குறித்து வையுங்கள். ரூட்டர் சிக்கல்களில் இதைப் போல உதவும் வேலை வேறில்லை. சரியாக ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை அறுந்தால் "குரூப் கீ" புதுப்பிக்கும் இடைவெளியைப் பாருங்கள்; பல ரூட்டர்களில் அது 3600 விநாடி என்று இருக்கும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான ரகசியச் சாவியை ரூட்டர் மாற்றும்போது ஸ்பீக்கர் கோட்டைவிடுகிறது என்று அர்த்தம். அந்த எண்ணைக் கூட்டுங்கள். வேறு ஏதோ ஒழுங்கான இடைவெளியில் அறுந்தால் டி.எச்.சி.பி. லீஸ் நேரத்தைப் பாருங்கள். ரூட்டர் ஐ.பி. முகவரியை வாடகைக்குத்தான் கொடுக்கிறது. வாடகைக் காலத்தில் பாதி முடிந்ததும் கருவி புதுப்பிக்கக் கேட்கும். லீஸ் நான்கு மணி நேரம் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. லீஸை 24 மணி நேரமாக்கி, ஸ்பீக்கருக்கு "அட்ரஸ் ரிசர்வேஷன்" மூலம் ஒரே முகவரியை ஒதுக்கிவிடுங்கள். முகவரியை ரூட்டரில் ஒதுக்குவதுதான் சரி.

தினமும் ஒரே நேரத்தில் மட்டும் அறுந்தால் அது மனிதர் வைத்த செட்டிங். உறவினர் ஒருவர் வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு ஸ்பீக்கர் ஊமையாகி, காலை ஆறு மணிக்குப் பேச ஆரம்பிக்கும். பிள்ளையின் டேப்லெட்டுக்குப் போட்ட இரவு நேரத் தடையில், பெயர் தெரியாத கருவி ஒன்றையும் சேர்த்து டிக் அடித்திருந்தார்கள். அதுதான் ஸ்பீக்கர்.

இரண்டாம் பாதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம், ஏனென்றால் ஃபோனும் டிவியும் ஓடும் வீட்டில் இங்கே கோளாறு அபூர்வம். முக்கியமாகப் பார்க்க வேண்டியது, தளத்தின் பெயரை முகவரி எண்ணாக மாற்றித் தரும் சேவையான டி.என்.எஸ். விளம்பரத் தடை அல்லது குழந்தைப் பாதுகாப்புக்காக ரூட்டரில் டி.என்.எஸ். மாற்றியிருந்தால், ஸ்பீக்கர் தன் நிறுவனத்தைக் கூப்பிடும் முகவரியும் அந்தத் தடைப் பட்டியலில் சிக்கியிருக்கலாம். தற்காலிகமாக 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்ற பொது டி.என்.எஸ். முகவரியை வைத்துப் பாருங்கள். கூகுளின் கருவிகள் சில ரூட்டர் சொல்லும் டி.என்.எஸ்ஸைக் கேட்காமல் நேராக 8.8.8.8-ஐயே தேடிப் போகும் பழக்கம் உள்ளவை. வீட்டில் எல்லோரும் என் டி.என்.எஸ்ஸைத்தான் கேட்க வேண்டும் என்று ரூட்டரின் காவலான ஃபயர்வாலில் வெளிவழியை அடைத்திருந்தால் அவை முகம் திருப்பிக்கொள்ளும். ரூட்டரிலேயே வி.பி.என். ஓடினால் அதை நிறுத்திப் பாருங்கள். ஐ.பி. முகவரியின் புதிய வகையான ஐ.பி.வி. 6 அரைகுறையாக வேலை செய்யும் இணைப்புகள் உண்டு, அதையும் ஒரு நாள் அணைத்துப் பார்க்கலாம். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் போட்டு இணையும் பி.பி.பி.ஓ.இ. வகை இணைப்பு என்றால் எம்.டி.யு. (ஒரு தடவையில் அனுப்பும் தரவுப் பொட்டலத்தின் அதிகபட்ச அளவு) 1492 என்று இருக்கிறதா பாருங்கள். 1500 என்று இருந்தால் சில தளங்கள் திறக்கும், சில காரணமே இல்லாமல் தொங்கும்.

மூன்றாம் பாதை, அதாவது ஃபோனின் பட்டியலில் ஸ்பீக்கர் தெரியாதது. இதைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிந்தால் போதும். "லிவிங் ரூமில் விளக்கைப் போடு" என்று நீங்கள் சொல்வது இணையம் வழியாக நிறுவனத்தின் சர்வருக்குப் போய்த் திரும்புகிறது. ஆனால் ஃபோனிலிருந்து பாட்டை அனுப்பும்போது ஃபோன் முதலில் வீட்டுக்குள்ளேயே "யாரெல்லாம் இருக்கிறீர்கள்?" என்று பொதுவாகக் குரல் கொடுக்கிறது. ஸ்பீக்கர் "நான் இருக்கிறேன்" என்று பதில் சொன்னால்தான் பட்டியலில் வரும். இந்தக் குரல் கொடுக்கும் முறைக்கு எம்.டி.என்.எஸ். என்று பெயர். 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு 5353-ஆம் போர்ட்டில் (வாசல் எண்ணில்) போகும். கூகுளின் குரோம்காஸ்ட், ஆப்பிளின் ஏர்ப்ளே இரண்டுமே இதை நம்பித்தான் இருக்கின்றன. ரூட்டர் இந்தக் குரலை நடுவில் விழுங்கிவிட்டால், ஸ்பீக்கர் கேட்டதற்கெல்லாம் நன்றாகப் பதில் சொல்லும், ஃபோனுக்கு மட்டும் அது இல்லாத பொருள்.

விழுங்கும் செட்டிங்குகள் சில உண்டு. முதல் குற்றவாளி "ஏ.பி. ஐசொலேஷன்" அல்லது "கிளையன்ட் ஐசொலேஷன்". இது ஆனில் இருந்தால் வைஃபையில் இருக்கும் கருவிகள் ஒன்றோடொன்று பேச முடியாது, இணையத்தோடு மட்டும் பேசலாம். விடுதிகளுக்குப் பொருத்தம், வீட்டுக்கு வேண்டாம். விருந்தினருக்காகத் தனியாகக் கொடுக்கும் கெஸ்ட் நெட்வொர்க்கில் இது எப்போதும் ஆனில் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரைப் பாதுகாப்புக்காக கெஸ்ட்டில் போடச் சொல்லும் அறிவுரை பரவலாக இருக்கிறது. வெறும் குரலால் மட்டும் பயன்படுத்துகிறவர் தாராளமாகப் போடலாம், நல்லதுதான். நீங்கள் ஃபோனிலிருந்து பாட்டு அனுப்புகிறவர், உங்களுக்கு அது சரிவராது.

அடுத்தது "ஐ.ஜி.எம்.பி. ஸ்னூப்பிங்". பொதுவாகக் கொடுக்கும் குரலைக் கேட்க விரும்புகிறவருக்கு மட்டும் அனுப்பும் ஏற்பாடு இது. ஒழுங்காகச் செய்யப்பட்ட ரூட்டரில் நல்லது. அரைகுறையாகச் செய்யப்பட்டதில் சில நிமிடங்கள் கழித்து ஸ்பீக்கரை மறந்துவிடும். ரூட்டரை ரீஸ்டார்ட் செய்ததும் பட்டியலில் தெரிந்து, கொஞ்ச நேரத்தில் மறைந்துபோனால் இதன்மேல் சந்தேகப்படுங்கள். ஆனில் இருந்தால் ஆஃப் செய்து பாருங்கள், ஆஃபில் இருந்தால் ஆன் செய்து பாருங்கள். விளையாட்டாகத் தோன்றும், ஆனால் ரூட்டருக்கு ரூட்டர் இது மாறுவதால் வேறு வழியில்லை.

உங்கள் விஷயத்தில் நான் அதிகம் சந்தேகப்படுவது இன்னொன்று. இணைய நிறுவனம் கொடுத்த பெட்டியும் ஒரு ரூட்டர், நீங்கள் வாங்கியதும் ஒரு ரூட்டர், இரண்டிலும் வைஃபை ஓடிக்கொண்டிருக்கிறதா? அப்படியானால் ஃபோன் ஒன்றிலும் ஸ்பீக்கர் மற்றொன்றிலும் இருக்கலாம். ஃபோனின் ஐ.பி. முகவரியையும் ஸ்பீக்கரின் முகவரியையும் ஒப்பிடுங்கள். ஒன்று 192.168.1 என்று தொடங்கி மற்றொன்று 192.168.0 என்று தொடங்கினால் அவை இரண்டும் அநேகமாக வேறு வேறு "வீட்டில்", அதாவது வேறு வேறு நெட்வொர்க்கில், இருக்கின்றன. ஒரு வீட்டில் கொடுக்கும் குரல் மற்றொன்றுக்குக் கேட்காது. ஒரு பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள், அல்லது இரண்டாவது ரூட்டரை, வைஃபை மட்டும் கொடுக்கும் "ஆக்சஸ் பாயின்ட்" முறைக்கு மாற்றுங்கள். ஒரே நெட்வொர்க் ஆகிவிடும்.

ரூட்டரில் எல்லாம் சரியாக இருந்தும் தெரியவில்லை என்றால் குற்றம் ஃபோனில். ஐஃபோனில் ஐ.ஓ.எஸ். 14-இலிருந்து வீட்டு நெட்வொர்க்கில் கருவிகளைத் தேடும் ஒவ்வொரு ஆப்பும் "லோக்கல் நெட்வொர்க்" அனுமதி கேட்கிறது; அப்போது அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்தியிருந்தால் ஸ்பீக்கர் தெரியாது. ஃபோனில் வி.பி.என். ஓடினாலும் இதே கதைதான்.

தேடினால் கிடைக்கும் சில அறிவுரைகளைக் கேட்காதீர்கள். வெளியிலிருந்து உள்ளே வழி திறக்கும் போர்ட் ஃபார்வர்டிங் செய்யச் சொல்வார்கள், ஸ்பீக்கரை டி.எம்.இசட்.டில், அதாவது ரூட்டரின் காவலுக்கு வெளியே, போடச் சொல்வார்கள், ஃபயர்வாலையே அணைக்கச் சொல்வார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை அது. ஸ்பீக்கர் எப்போதும் உள்ளிருந்து வெளியேதான் கூப்பிடுகிறது, பெரும்பாலும் 443-ஆம் போர்ட் வழியாக, நீங்கள் வங்கித் தளத்தைத் திறக்கும் அதே வழி. வெளியிலிருந்து யாரும் உள்ளே வர வேண்டியதே இல்லை. எனவே கதவைத் திறந்து வைப்பதால் ஸ்பீக்கருக்கு ஒரு பயனும் இல்லை, வேண்டாதவர்களுக்குத்தான் பயன்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த வரிசையில் போவேன்: முதலில் ரூட்டர் மெனுவில் "பேக்கப்" எடுத்து வைப்பேன். ரூட்டரின் உள் மென்பொருளான ஃபர்ம்வேருக்கு அப்டேட் இருந்தால் போட்டுவிடுவேன். பிறகு பேண்டுகளைப் பிரித்து, 2.4-க்குப் பழைய ரூட்டரில் இருந்த அதே பெயர், அதே பாஸ்வேர்டு, டபிள்யூ.பி.ஏ. 2 என்று வைப்பேன். இப்படி வைத்தால் பழைய ரூட்டரை நினைவில் வைத்திருக்கும் மற்றச் சின்னக் கருவிகளும் சத்தமில்லாமல் வந்து சேர்ந்துகொள்ளும். சேனலைப் பூட்டிவிட்டு ஒரு நாள் விடுவேன். அதற்குப் பிறகுதான் ஐசொலேஷனும் இரண்டு ரூட்டர் விவகாரமும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும், அதுவும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு. ஐந்தை ஒன்றாக மாற்றிச் சரியானால் எதனால் சரியானது என்று தெரியாது, கெட்டுப்போனால் எதனால் கெட்டது என்றும் தெரியாது.

இதற்குப் பிறகும் அறுந்தால் மூன்று விவரம் சொல்லுங்கள்: அறுந்த நிமிடத்தில் ரூட்டரின் பட்டியலில் ஸ்பீக்கர் இருந்ததா, அதன் பக்கத்தில் இருந்த சிக்னல் எண் எவ்வளவு, எத்தனை மணிக்கெல்லாம் அறுந்தது. ரூட்டரில் "சிஸ்டம் லாக்" என்று ஒரு பக்கம் இருக்கும். அந்த நேரத்தை ஒட்டிய பத்து வரிகளையும் சேர்த்து அனுப்புங்கள், அதிலிருக்கும் மேக் முகவரிகளை மட்டும் அழித்துவிட்டு.